ஒரு கால் தெருவில்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துபோய் அல்ல. ஞானஸ்நானப் பெயர், அப்பன் பெயர் எல்லாம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அடுத்தவர் காகிதம் எதிலும் தன் பெயர் விழுந்துவிடக் கூடாது என்று ஆயுசு முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். என் காகிதத்தில் மட்டும் எதற்கு?

நாங்கள் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைக்காரர்களைக் கூப்பிடுகிற மரியாதை அது. அவர் வெள்ளைக்காரரும் இல்லை, வக்கீலும் இல்லை, சர்க்கார் உத்தியோகஸ்தரும் இல்லை. எப்போதோ ஒரு வக்கீல் ஆபீசில் நகல் எழுதிக்கொண்டிருந்தாராம். எந்த ஆபீஸ், ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவார். ஆனால் வரி, பத்திரம், பென்ஷன், பாகப்பிரிவினை என்று யார் வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவரைத்தான் கேட்பார்கள். அவர் காசு வாங்க மாட்டார். அதனாலேயே அவரைப் பெரிய மனிதர் என்று ஊர் நினைத்தது. காசு வாங்காதவனுக்குப் பொறுப்பும் இல்லை என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

முப்பதுகளில், எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, என் அப்பா பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பக்கத்தில், ரொட்டிக் கிடங்கு வைத்திருந்தார். கள் ஊற்றிப் புளிக்க வைத்த மாவு, சவுக்கு விறகு எரிக்கிற பெரிய அடுப்பு. அடுப்புக்குப் பின்கட்டில்தான் எங்கள் குடித்தனம். என் வீட்டுக்காரர் கப்பல் பாலத்தில் மூட்டை இறக்கும்போது கடலில் விழுந்து போய்விட்டார். கையில் ஒரு பெண்குழந்தையோடு அப்பாவிடம் திரும்பி வந்தேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அன்றிலிருந்து மாவு பிசைவது நான், அடுப்பைப் பார்ப்பது அப்பா. எட்டு வருஷம் இப்படி ஓடியது. அண்ணன் சைகோனில் ஒரு கம்பெனியில் காவல் வேலையில் இருந்தார்.

காலையில் ஆலைச் சங்கு ஊதி அடங்கியதும் முசே வருவார். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, கையில் குடை. வலது காலை எங்கள் வாசல்படியில் வைப்பார். இடது கால் தெருவிலேயே நிற்கும். எட்டு வருஷத்தில் அந்த இடது கால் எங்கள் படியில் ஏறி நான் பார்த்ததே இல்லை. மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு அதே மாதிரி நிற்பார்.

"உக்காருங்க முசே" என்று அப்பா முக்காலியைத் துடைத்துப் போடுவார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். போற போக்குல எட்டிப் பாத்தேன்" என்பார்.

எங்கே போகிற போக்கு? அந்த மனிதருக்குப் போவதற்கு ஒரு இடமும் கிடையாது. எங்கள் வாசலிலிருந்து காப்பிக் கடை வாசல், அங்கிருந்து தையல்காரர் வாசல், அப்புறம் கோயில் வாசல். பொழுது சாய்ந்தால் வீட்டு வாசல். அங்கேயாவது முழுசாக உள்ளே போவாரோ என்னவோ.

அடுப்பிலிருந்து எடுத்த முதல் வரிசை ரொட்டியில், நன்றாகச் சிவந்த ஒன்றாகப் பார்த்து விரலை நீட்டுவார். நான் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். எட்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும். அவரைத் திட்டுகிறபோது என்னையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். ஆறிப்போன ரொட்டியைக்கூட நான் கொடுத்ததில்லை.

தெருமுனையில் காப்பிக் கடை வைத்திருந்தவர் கதையைச் சொன்னால் ஆள் எப்படி என்று விளங்கும். கடை வைத்திருப்பவர்கள் வருஷா வருஷம் சர்க்காருக்கு ஒரு வரி கட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதைப் பத்தாந்து என்போம். அந்த வருஷம் காப்பிக் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. முசே ஒரு காலைப் படியில் வைத்து யோசனை சொன்னார்.

"கடைன்னு போர்டு மாட்டினாத்தானே கடை? போர்ட எடுத்துட்டா அது வீடு. வீட்ல நாலு பேரு வந்து காப்பி குடிச்சா அதுக்கு யாரு பத்தாந்து கேக்கறது? போற போக்குல தோணுது, சொல்றேன்."

காப்பிக் கடைக்காரர் போர்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். பத்து நாள் கழித்து வரி ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டுக் குடித்தார். பிறகு நோட்டை எடுத்து அபராதம் எழுதினார். பத்தாந்தைவிட அது மூன்று மடங்கு. காப்பிக் கடைக்காரர் முசேயை நடுத்தெருவில் மடக்கினார்.

"நீங்க சொல்லித்தானே எடுத்தேன்?"

"நான் பொதுவா சட்டத்த சொன்னேன்ப்பா. உன் கடையில எடுன்னு சொன்னனா? யோசிச்சுப் பாரு."

காப்பிக் கடைக்காரர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். அப்படிச் சொல்லவில்லைதான். அவர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் முசே அதே கடையில் ஒரு காலை வைத்துக்கொண்டு காப்பி குடித்தார். இவரை விடுங்கள், அந்தக் காப்பியைக் கொடுத்த ஆளை என்ன சொல்வது?

ஆனால் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை அவர். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். பிரான்சு சண்டைக்குப் போய்ச் செத்த சிப்பாய் ஒருத்தரின் பெண்சாதி எங்கள் தெருவில் இருந்தாள். திடீரென்று அவளுக்கு வருகிற பென்ஷன் நின்றுபோனது. ஏன் என்று கேட்க அவளுக்குப் பாஷை தெரியாது. முசேதான் சொன்னார்: "நீ உசுரோட கீறேன்னு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மேரில ஒரு காகிதம் வாங்கிக் காட்டணும். நீ காட்டல. அவங்க கணக்குல நீ செத்துட்ட." மேரி என்றால் எங்கள் ஊர் நகரசபை ஆபீஸ். அவள் ஓடிப்போய் உயிரோடு இருக்கிற காகிதத்தை வாங்கினாள். பென்ஷன் திரும்பி வந்தது. ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள்.

அந்தக் கதையை மட்டும் அவர் போற போக்கில் சொல்லவே மாட்டார். நின்று, நிதானமாக, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். "நான்தான் சொன்னேன். என்னக் கேட்டுத்தான் செஞ்சா." பலித்தால் நான் சொன்னேன், பலிக்காவிட்டால் போற போக்கில் சொன்னேன். இதற்கு ஒரு குடையும் கோட்டும்.

இனி என் கதை.

அப்பாவுக்கு அறுபது தாண்டியதும் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. வீடும் அடுப்பும் அவர் பெயரில் இருந்தன. தனக்குப் பிறகு அதில் பாதியாவது எனக்கு வர வேண்டும் என்று நினைத்தார். எங்கள் ஊரில் அப்போது இரண்டு சட்டம். சும்மா இருந்தால் அவரவர் சாதி வழக்கப்படி சொத்து இறங்கும். ஆண்பிள்ளை இருக்கும்போது அந்த வழக்கத்தில் பெண்ணுக்குப் பங்கு இல்லை. பிரான்சு சட்டம் வேண்டும் என்பவர்கள் மேரிக்கோ நொத்தேரிடமோ போய், எங்கள் வழக்கத்தை விட்டுவிட்டோம் என்று சாட்சி வைத்துச் சொல்லி, புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களை ரெனோன்சான் என்போம். அவர்கள் வீட்டில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமபங்கு. நொத்தேர் என்பது பத்திரம் எழுதிப் பதிகிற அதிகாரி.

அன்றைக்கு நான் மாவுத் தொட்டிக்கு முன்னால் இருந்தேன். முசே வழக்கம்போல வாசலில் நின்றார். கையில் ரொட்டி.

"முசே, ஒரு சந்தேகம்" என்றார் அப்பா. "பையன் சைகோன்ல நல்லாத்தான் கீறான். இந்த வீட்ல பாதி பொண்ணுக்குப் போவணும். அவ ஒழச்ச அடுப்பு. அதுக்கு நான் ரெனோன்சான் ஆவணுமா, இல்ல எதுனா எழுதி வெக்கணுமா?"

முசே ரொட்டியின் முனையைக் கிள்ளி வாயில் போட்டார்.

"எதுக்கு வீண் அலைச்சல்? அதெல்லாம் மத்தவங்களுக்கு. நீங்க வேதக்காரங்க. கோயில்ல சாமியார் முன்னால கையெழுத்து போட்டுக் கல்யாணம் கட்டினவங்க. உங்களுக்குப் பொறந்ததுலேந்தே பிரான்சு சட்டம்தான். புள்ளைக்குப் பாதி, பொண்ணுக்குப் பாதி. தானா வந்துடும்."

"நொத்தேர ஒரு வார்த்த கேட்டுடட்டுமா?"

"கேளுங்க. எழுதச் சொல்வாரு. எழுதறதுதானே அவரு பொழப்பு? எனக்கென்ன, போற போக்குல சொல்றேன்."

அப்பா நம்பினார். அப்பா மட்டும் இல்லை, ஊரில் பாதி கிறிஸ்தவர்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் பட்டால் சாதி வழக்கம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று. கோயிலுக்குள்ளேயே ஒழியாத சாதி கோர்ட்டில் எப்படி ஒழியும்? இதை யோசிக்க எங்களுக்குப் புத்தி இல்லை. வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரர் பக்கம் போய், நொத்தேர் வீட்டுப் படியேறிக் கேட்க அப்பாவுக்குக் கூச்சம். கேட்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. முசே அதைக் கொடுத்தார்.

"பாதி உனக்கும்மா. கவலைய உடு" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா என்னிடம் சொன்னார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் அப்பா போய்விட்டார். அண்ணனும் அண்ணியும் கப்பலேறி வந்து சேர மூன்று மாதம் ஆனது. வந்து விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அப்பா ரெனோன்சான் ஆகாமலும் எதுவும் எழுதி வைக்காமலும் போனதால் வீடு மொத்தமும் அண்ணனுக்கு என்று. வேதக்காரராக இருந்தால் போதாதாம். எனக்கு அடுப்புச் சாம்பல்கூடச் சொந்தம் இல்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சின்ன வழக்குகளைப் பேசித் தீர்க்கிற நீதிபதி முன்னால் இரண்டு பேரும் போனோம். அங்கே அண்ணன் சொன்னார்: "அப்பா இவளுக்குப் பாதி தரணும்னு நெனச்சிருந்தா நான் குறுக்க நிக்கல. இப்பவே எழுதித் தர்றேன். ஆனா இவ சொல்றத மட்டும் வெச்சு எப்படி? என் பொண்டாட்டி நாளைக்கு என்னக் கேப்பா. அப்பா வாயால சொல்லக் கேட்டவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து சொல்லட்டும்."

கேட்டவர் ஒருத்தர் இருந்தார். எனக்கு உயிர் வந்தது. அன்றே காப்பிக் கடை வாசலில் போய் அவரைப் பிடித்தேன். "வரேம்மா, இதுல இன்னா" என்றார்.

வந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். நீதிபதி வெள்ளைக்காரர். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்ல ஒருவர். முசே அந்த அறையின் வாசலில் நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் தாழ்வாரத்தில். உட்காரச் சொன்னார்கள். இருக்கட்டும் என்றார்.

"இந்தம்மாவோட அப்பா, வீட்ல பாதி பொண்ணுக்குப் போவணும்னு உங்க கிட்ட சொன்னாரா?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

குடை கை மாறியது. "பல பேரு பல விஷயம் கேப்பாங்க. நானும் போற போக்குல எதுனா சொல்வேன். யாரு இன்னா கேட்டாங்கன்னு ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கும்பிடு எனக்குக் கூசுகிறது.

"முசே, நீங்க குடுத்த யோசன தப்புன்னு நான் சொல்ல வரல. அத நான் யார் கிட்டயும் கேக்க மாட்டேன். பாதி பொண்ணுக்குன்னு எங்கப்பா சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லுங்க. ரொட்டிய வாங்கிகினு நின்னீங்களே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. அப்பா கேட்டதைச் சொன்னால் தான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டி வரும். அது நீதிபதியின் காகிதத்தில் ஏறும், பக்கத்தில் அவர் பெயரும் ஏறும். அதை அவர் மனசுக்குள் எடை போடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு தட்டில் அவர் பெயர், இன்னொன்றில் என் வீடு.

"நான் உள்ளயே வரலம்மா" என்றார். "தெருவுல நின்னேன். உள்ள பேசினது எனக்கு எப்படிக் காதுல விழும்?"

அண்ணன் பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு மாதத்தில் ஒரு துணி வியாபாரி வீட்டை வாங்கினார். அடுப்பை இடித்துக் குடோன் ஆக்கினார்கள். மாவுத் தொட்டியை மட்டும் அண்ணன் எனக்குக் கொடுத்தார். கப்பல் ஏறும்போது அழுதார், நானும் அழுதேன்.

மாவுத் தொட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று முசே வந்தார். பழக்கதோஷம், வலது காலைப் படியில் வைத்தார்.

"ஏம்மா, மேல் கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதிப் பாக்கலாம். போற போக்குல..."

"படிய உட்டு எறங்குங்க. அது எங்க படி இல்ல" என்றேன்.

இறங்கினார். இன்றைக்கு ரொட்டி கிடையாது என்பது அப்போதுதான் விளங்கியது போல, கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு போனார். சீ, இதுவும் ஒரு மனுஷப் பிறவியா என்று வாய்விட்டே சொன்னேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் உழவர்கரையில் ஒருவரின் அடுப்பில் வாடகைக்கு இடம் பிடித்தேன். சுட்ட ரொட்டியைக் கூடையில் சுமந்துகொண்டு வாய்க்காலைத் தாண்டி வெள்ளைக்காரர் தெருக்களில் வீடு வீடாகப் போட்டேன். அப்பா ஏறக் கூசிய நொத்தேர் வீட்டுப் படியில் நான் தினமும் ஏறினேன். கொல்லைப்படி. சமையல்காரியிடம் நான்கு ரொட்டி கொடுத்துவிட்டு வருவேன். மூன்று வருஷம் போல ஆகியிருக்கும்.

ஒருநாள் ரொட்டி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஆபீஸ் அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அந்த வரிய இன்னொருவாட்டி படிங்க." எனக்குத் தெரிந்த குரல்தான். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன்.

முசே உட்கார்ந்திருந்தார். கைவைத்த நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் பதித்து, பத்து வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்த மாதிரி. குடை சுவரில் ஆணியில் தொங்கியது. மூக்கில் கண்ணாடி. மேஜைக்கு அந்தப் பக்கம் நொத்தேர். குமாஸ்தா ஒரு பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஓரத்துப் பெஞ்சில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண், மடியில் குழந்தை. அவர் மகள். அவளும் என்னைப் போலத் தாலியறுத்துத் திரும்பியவள் என்று பார்த்ததும் தெரிந்தது.

அது தானப் பத்திரம். வீட்டை மகளுக்கு எழுதுகிறார். "என் மகனோ அவன் வாரிசுகளோ பின்னால உரிமை கேக்கக் கூடாதுன்னு சேத்துக்குங்க" என்று விரலால் மேஜையைத் தட்டிச் சொன்னார். "நாங்க கிறிஸ்தவங்கதானேன்னு உட்டுடாதீங்க. வழக்கம் உள்ள பூந்துடும்."

எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது. என் வீடு போன பிறகுதான் கற்றுக்கொண்டாரோ, முன்பே தெரியுமோ. இரண்டில் எது கேவலம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

குமாஸ்தா நிமிர்ந்தவர் கதவருகில் என்னைப் பார்த்தார். "ஏம்மா ரொட்டிக்காரம்மா, கையெழுத்து போடுவியா? ரெண்டு சாட்சி வேணும், ஒருத்தர் வந்துட்டாரு, இன்னொருத்தருக்குக் காய்ச்சல், வரல. பொம்பளைங்களும் சாட்சி நிக்கலாம்."

கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். முசே திரும்பினார். என்னைப் பார்த்ததும் அவர் வலது கை குடையைத் தேடியது. குடை ஆணியில் இருந்தது. கை வெறுமனே மடியில் கிடந்தது. அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சாட்சி கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயம் மட்டும்தான் அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை நான் ஏற்கெனவே அறிவேன். நீதிபதி அறையில் அது என்னுடையதாக இருந்தது.

போய்விடலாம் என்றுதான் தோன்றியது. தூக்கிய கூடையை மறுபடி இறக்கி வைத்தேன்.

முசே பாதி எழுந்தார். "உக்காரும்மா" என்றார்.

"இருக்கட்டும் முசே. போற போக்குல வந்தேன்."

குமாஸ்தா பத்திரத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார். நான் நின்றபடியே முழுதும் கேட்டேன். படித்து முடித்ததும் அவர் கேட்டார்: "வீடு மகளுக்குன்னு இவரு சொல்றத நீ நேர்ல கேட்டதா போட்டிருக்கு. கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். "வாசல்ல நின்னேன். நல்லாக் காதுல விழுந்துது."

முசே மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்துக் கொடுத்தார். முசேயின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன், அப்பா பெயரோடு சேர்த்து.